அம்மாவிடம் புளிக்கும் மிளகாய்க்கும் கணக்குக் கேட்டுப் போனார்கள். அது ஜி.டி.பி. என்கிற நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் எங்கே போய்ச் சேருகிறது?

வைகைக்கரை எழுதியது:

2023 தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தார். மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு என்றார். அடையாள அட்டையைக் காட்டினார். அம்மா திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

அப்புறம் கேள்விகள் ஆரம்பித்தன. போன 7 நாளில் எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை, கத்தரிக்காய் எவ்வளவு, புளி எவ்வளவு? மிளகாய் கடையில் வாங்கியதா, கொல்லையில் காய்த்ததா? போன 30 நாளில் அரிசி, பருப்பு எவ்வளவு? ரேஷன் அரிசி தனி, கடை அரிசி தனி. அடுத்த மாதம் திரும்ப வந்து சோப்பு, பஸ் கட்டணம், போன் ரீசார்ஜ் எல்லாம் கேட்டார். மூன்றாவது தடவை துணிமணி, மிக்சி, மின்விசிறி.

அம்மாவுக்கு ஒரே பயம். "இதச் சொன்னா ரேஷன் கார்டை எடுத்துருவாகளா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். முட்டைக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது தொலைக்காட்சியில் வளர்ச்சி விகிதம் என்று ஒரு எண்ணைச் சொல்லும்போதெல்லாம் அந்தத் திண்ணை ஞாபகம் வருகிறது. எங்கள் தெருவில் 60 வீடு இருக்க எங்கள் வீட்டை ஏன் பிடித்தார்கள்? அம்மா சொன்ன புளிக்கணக்கு எங்கே போகிறது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றாக இருக்கும்.

களத்துமேடு எழுதியது:

நான் இருபது வருடம் இந்த வேலையில் வீடு வீடாக ஏறி இறங்கியவன். அம்மாவின் பயம் எனக்குப் பழக்கம். பத்து வீட்டில் ஏழு வீட்டில் அந்தக் கேள்வி வரும். சொன்ன விவரத்தை வைத்து ரேஷன் கார்டில் கைவைக்க முடியாது. தனி வீட்டின் விவரம் வெளியே போகாது, கூட்டிய கணக்கு மட்டும்தான் போகும்.

உங்கள் வீட்டை யாரும் 'பிடிக்கவில்லை'. முதலில் ஊரைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் அந்த ஊரில் வீடுகளையெல்லாம் பட்டியல் போடுவோம். கிராமமாக இருந்தால் நில அளவை வைத்துப் பிரிவுகள் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் குலுக்கி எடுப்போம். நகரத்தில் இந்தத் தடவை காரை வைத்துப் பிரித்தார்கள். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார் வைத்திருக்கும் வீடுகள் ஒரு தனிப் பிரிவு. 2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை நாடு முழுக்க 2,61,746 வீடுகள். அதில் உங்கள் அம்மா ஒருவர். அவர் ஒரு வீட்டுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, அவருக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன. முட்டையைக் குறைத்துச் சொன்னால் அத்தனை வீட்டு முட்டையும் குறையும்.

ஏன் மூன்று தடவை வந்தார்கள்? முன்பெல்லாம் எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் கேட்டு முடிப்போம். இரண்டு மணி நேரம் தாண்டும். முதல் அரை மணி நேரம் பதில் தெளிவாக வரும். அப்புறம் அடுப்பில் ஏதாவது தீயும், பிள்ளை அழும், "ஏதாச்சும் போட்டுக்கங்க தம்பி" என்பார்கள். துணி, பாத்திரம், வைத்தியச் செலவுக்கு வரும்போது பதில் சுருங்கிப் போயிருக்கும். அதனால்தான் இப்போது மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம்.

7 நாளா 30 நாளா என்பதும் சின்ன விஷயம் இல்லை. 30 நாள் முன்னால் வாங்கிய காய்கறி யாருக்கு ஞாபகம் இருக்கும்? 2011-12 கணக்கெடுப்பில் இரண்டு விதமான கேள்வித்தாளோடு வெவ்வேறு வீடுகளுக்குப் போனோம். எல்லாவற்றையும் 30 நாளுக்குக் கேட்டதில் கிராமத்து ஆள் ஒருவரின் மாதச் செலவு சராசரி 1,279 ரூபாய். அழியும் பொருளுக்கு 7 நாள், துணிமணிக்கு ஒரு வருடம் என்று பிரித்துக் கேட்டதில் 1,430 ரூபாய். அதே நாடு, அதே வருடம். கேட்ட விதம் மட்டும் மாறியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற சண்டையில் பாதி, இந்தக் கேள்வித்தாள் சண்டைதான்.

ஏழைகள் வீட்டில் எனக்குக் கதவு மூடியதே இல்லை. ஒரு பெருநகரத்தில் ஓர் அடுக்குமாடி வளாகத்தின் வாசலில் நான்கு நாள் நின்றிருக்கிறேன். காவலாளி இன்டர்காமில் கேட்பார், மேலேயிருந்து "வேண்டாம்" என்று பதில் வரும். கடைசியில் விதிப்படி மாற்று வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மாற்று வீட்டுக்காரர் அதே அளவு வசதிக்காரரா என்றால் அநேகமாக இருக்க மாட்டார். மேல்தட்டின் செலவு இந்தக் கணக்கில் குறைந்தே தெரியும். அது நான் கண்ணால் பார்த்த குறை.

தறிக்காரன் எழுதியது:

ஐயா சொன்னது வீட்டுக் கணக்கு. தொழில் கணக்கு எப்படி? நாங்கள் குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். கூலிக்கு நெய்து கொடுப்பதுதான். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அந்த இரண்டு வருடத்தில் ஆறு தறியில் மூன்றைப் பழைய இரும்புக்குப் போட்டோம். ஆனால் அந்த வருடங்களிலும் வளர்ச்சி நன்றாகத்தான் இருந்தது என்று செய்தியில் படித்தேன். எங்களை யார் எண்ணினார்கள்?

புள்ளிக்கோலம் எழுதியது:

தறிக்காரன் அண்ணே, உங்கள் கேள்விதான் இந்தியப் புள்ளியியலின் மிகப் பழைய வலி. கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துகிறேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

பெரிய கம்பெனிகள் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்கின்றன. அதை எடுத்துக் கூட்டிவிடலாம். உங்களைப் போன்றவர்களிடம் தாக்கல் செய்த கணக்கு கிடையாது. அதனால் சில வருடங்களுக்கு ஒரு முறை கணக்கெடுத்து, அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு நடுவில் உள்ள வருடங்களுக்கு வேறு குறியீடுகளைக் கொண்டு நகர்த்தினார்கள். 2011-12ஐ அடிப்படை ஆண்டாக வைத்த ஜி.டி.பி. வரிசையில் காலாண்டுக் கணக்கு போடும்போது, அமைப்புசாராத உற்பத்தித் தொழிலைத் தொழில் உற்பத்திக் குறியீட்டைப் பிடித்துக்கொண்டே நகர்த்தினார்கள். அந்தக் குறியீட்டில் பெரிய ஆலைகள்தான் அதிகம். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் பாதகமில்லை. ஆனால் பணமதிப்பிழப்பில் நடந்தது என்ன? சிறியவர்கள் விழுந்த இடத்தில் பெரியவர்கள் சந்தையைப் பிடித்தார்கள். பெரியவர் வளர்ந்ததைப் பார்த்துச் சிறியவரும் வளர்ந்திருப்பார் என்று கணக்கு சொன்னால், நீங்கள் இரும்புக்குப் போட்ட தறி ஏட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்யும் வேலை நடக்காமல் இல்லை. 2021-22லிருந்து கம்பெனியாகப் பதிவு செய்யாத சிறு தொழில்களுக்கு வருடாந்தரக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. 2023-24ல் அப்படி 7.34 கோடி நிறுவனங்கள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதற்கு முன்னால் 2010-11, 2015-16 என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது எல்லாம் ஊகம்.

இன்னொரு இடமும் இருக்கிறது, விலையைக் கழிக்கும் இடம். ஒரு இட்லிக்கடை. போன வருடம் 100 ரூபாய்க்கு விற்றது, அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் 60 ரூபாய். மிச்சம் 40. அதுதான் அந்தக் கடை நாட்டுக்குச் சேர்த்த மதிப்பு. இந்த வருடம் அதே எண்ணிக்கை இட்லி, அதே விலை. ஆனால் அரிசி விலை இறங்கியதால் செலவு 50. மிச்சம் 50. ஒரு இட்லிகூடக் கூடவில்லை, ஆகவே உண்மையான வளர்ச்சி பூஜ்யம். இட்லியின் விலைமாற்றத்தை இட்லியிலும் அரிசியின் விலைமாற்றத்தை அரிசியிலும் தனித்தனியாகக் கழித்தால் அந்தப் பூஜ்யம் கிடைக்கும். மிச்சத்தில் மட்டும் ஒரே ஒரு விலைக் குறியீட்டைக் கழித்தால்? இட்லி விலை மாறவில்லை, கழிக்க ஒன்றுமில்லை. 40 என்பது 50 ஆகி, 25 சதவீத வளர்ச்சி என்று வரும். இந்தியாவில் 2011-12 வரிசையில் உற்பத்தித் தொழிலுக்கு இந்த ஒற்றைக் கழிப்புதான் இருந்தது. 2015ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது இது எவ்வளவு மிகைப்படுத்தியது என்பது பெரிய விவாதம். தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் 2019ல், 2011-12க்கும் 2016-17க்கும் இடையே 7 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 4.5 அளவில்தான் இருந்திருக்கும் என்று எழுதினார். அரசுத் தரப்பில் கடுமையாக மறுத்தார்கள். அவர் சொன்ன எண்ணை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது சரி.

வைகைக்கரைக்கு: அம்மா சொன்னது போன்ற புளிக்கணக்கு முதலில் போய்ச் சேரும் இடம் விலைவாசிக் குறியீடு. ஒரு குடும்பம் நூறு ரூபாயில் எவ்வளவை உணவுக்குச் செலவழிக்கிறது என்பதை இந்தக் கணக்கெடுப்புதான் சொல்கிறது. 2012ஐ அடிப்படையாக வைத்த குறியீட்டில் உணவு, பானங்களின் எடை நூறில் 45.86. அது 2011-12ல் திண்ணை திண்ணையாகக் கேட்டு வந்தது. நடுவில் 2017-18ல் ஒரு கணக்கெடுப்பு நடந்து முடிந்தது. தரம் சரியில்லை என்று சொல்லி 2019 நவம்பரில் அதை வெளியிடாமலே விட்டார்கள். அதனால் பத்து வருடத்துக்கு மேல் பழைய சமையலறையை வைத்துத்தான் விலைவாசியை அளந்தோம். ரிசர்வ் வங்கி வட்டி வைப்பது இந்தக் குறியீட்டைப் பார்த்து. குறை இருந்தால் குறையோடு வெளியிட்டிருக்க வேண்டும். எங்கே தவறு என்று நாட்டில் நூறு பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

வரப்பு எழுதியது:

பயிர்க் கணக்கு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் அப்பா வயலில் ஒரு சம்பா அறுவடைக்கு முன்னால் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்தது. புள்ளியியல் துறைக்காரர், வேளாண் உதவி அலுவலர், வி.ஏ.ஓ. மூன்று பேரும் வந்தார்கள்.

சர்வே நம்பர் குலுக்கலில் வந்தது. வயலில் எந்த இடம் என்பதும் குலுக்கல்தான். தென்மேற்கு மூலையில் நின்று, கையில் இருந்த ரேண்டம் எண்படி நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று நடந்து அங்கே முளை அடித்தார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருந்ததை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி, தராசில் போட்டார்கள். 25 சதுர மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் 400ல் ஒரு பங்கு. 12 கிலோ விழுந்தால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. ஈரப்பதத்துக்காகக் கொஞ்சம் நெல்லைக் காயவைத்துத் திரும்ப எடை போடவும் எடுத்துப் போனார்கள்.

முளை அடித்த இடம் தண்ணீர் தேங்கிப் பயிர் சாய்ந்த இடம். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "அந்தப் பக்கம் நல்லா வெளஞ்சிருக்கு சார், அங்க அறுங்க" என்றார். புள்ளியியல்காரர் அசையவில்லை. "எண் எங்க கொண்டுபோய் விடுதோ அங்கதான்யா அறுக்கணும்" என்றார். பக்கத்து வயல்காரர் நேர் எதிர், பயிர்க் காப்பீடு கிடைக்கும் என்று மோசமான இடத்தையே காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் இடம் கொடுக்காத அந்த மனிதரை நான் மறக்கவில்லை.

கட்டம் ஏன் இவ்வளவு பெரியது என்று அவரிடம் கேட்டேன். இந்தியப் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்ட மகலனோபிஸ் காலத்தில் சின்ன வட்டம் போட்டு அறுத்தார்களாம். வட்டம் சின்னதாக இருந்தால் ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துவிடும் கை. விளைச்சல் கூடுதலாக வரும். பெரிய கட்டம் வேண்டும் என்று பி.வி.சுகாத்மே என்ற இன்னொரு புள்ளியியல் அறிஞர் வாதாடினார் என்று சொன்னார். ஒரு நாட்டின் நெல் கணக்கு அரிவாள் பிடித்த கையின் சபலத்தில் மாறும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுக்களை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். வைகைக்கரையின் அம்மா கொல்லையில் காய்த்த மிளகாய் ஜி.டி.பி.யில் சேரும். வரப்பின் அப்பா வீட்டுக்கு வைத்துக்கொண்ட நெல்லும் விற்காமலே சேரும். சொந்த வீட்டில் குடியிருந்தால், வாடகை கொடுத்திருந்தால் எவ்வளவு என்று மதிப்புப் போட்டு அதையும் சேர்ப்பார்கள். அந்த நெல்லின் அரிசியைச் சோறாக்கி, அந்த மிளகாயில் குழம்பு வைத்து, அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, மாமியாரின் படுக்கையை மாற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவள் வேலை சேராது. அதே வேலையைச் சம்பளத்துக்குப் பக்கத்து வீட்டில் செய்தால் சேரும். பணிப்பெண்ணை ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ என்ற பொருளாதார அறிஞர் நூறு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

2019ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலை செய்கிறவர்கள் 97 நிமிடம். அந்த வீட்டுவேலையில் கலந்துகொண்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஐந்து மணி நேரம்! எட்டு மணி நேர வேலைநாளில் பாதிக்கும் மேல்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15ல் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் கொடுக்கும்போது வீட்டுவேலைக்கான அங்கீகாரம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் தேசியக் கணக்கில் அது வெறும் பணமாற்றம், உழைப்புக்கான வருமானம் இல்லை. பெயரில் உரிமை, ஏட்டில் உதவி. இதை மாற்ற முடியாதா?

புள்ளிக்கோலம் எழுதியது:

சகோதரி, விட்டவர்களின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுவேலை முழுவதையும் உள்ளே கொண்டுவந்தால் நாட்டில் வேலையில்லாதவர் என்று யாருமே இருக்க மாட்டார்கள். ஆலை மூடி வீட்டுக்கு வந்தவர் சமைத்தால் அவரும் உற்பத்தி செய்பவர். பொருளாதாரம் எப்போது நொடிக்கிறது என்பது எண்ணில் தெரியாமலே போய்விடும். அதனால் ஐ.நா. வரையறையில் சொந்த உபயோகத்துக்கான பொருள் உள்ளே, சொந்த உபயோகத்துக்கான சேவை வெளியே என்று கோடு போட்டார்கள். சொந்த வீட்டின் வாடகை மதிப்பு மட்டும் விதிவிலக்கு, அது உள்ளே.

ஆனால் பக்கத்தில் ஒரு துணைக் கணக்காக வைக்க எந்தத் தடையும் இல்லை. மணிக்கணக்கு இருக்கிறது, கூலி விகிதம் இருக்கிறது, பெருக்க வேண்டியதுதான். 1998-99லேயே ஆறு மாநிலங்களில் நேரக் கணக்கெடுப்பை முன்னோட்டமாகச் செய்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. முழு நாட்டுக்கும் செய்ய இருபது வருடம் ஆனது. தாமதத்துக்கு நியாயம் சொல்ல என்னால் முடியவில்லை.

ஜி.டி.பி. கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸ், 1934ல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டின் நலனைச் சொல்லிவிட முடியாது என்று எழுதிவைத்தார்.

யாழ்வாசி எழுதியது:

எங்கட பக்கத்தில இருந்து ஒரு விசயம். 2022 செப்டம்பரில் இலங்கையில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். கொழும்புக் கடைகளில் எடுத்த விலை. அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். வரிசையில் போன நேரத்துக்கு எந்தச் சுட்டெண்ணிலும் விலை இல்லை. நாடு முழுவதற்குமான சுட்டெண் ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது பிந்தித்தான் வரும், அதை ஆரும் பேசுவதில்லை.

களத்துமேடு எழுதியது:

யாழ்வாசி சொன்னது நெஞ்சில் தைக்கிறது. இதே மாதிரி இங்கேயும் ஒன்று உண்டு. 2022-23ல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆளுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. நாட்டுச் சராசரி கிராமத்தில் 3,773, நகரத்தில் 6,459. இலவசமாக வந்த அரிசி, சைக்கிள், சீருடை போன்றவற்றுக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்து இன்னொரு எண்ணும் கொடுத்தார்கள். நாட்டுக் கிராமச் சராசரி அப்போது 3,860 ஆகிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் பார்த்த பிரசவம், அரசுப் பள்ளிப் படிப்பு இதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. தனியாரில் லட்சம் செலவழித்த வீடு 'செழிப்பாக' தெரியும். அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வந்த வீடு அந்த அளவுக்குக் கீழே தெரியும். இந்தக் கட்டத்தை நிரப்பும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுக்களை எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தேன். நேரக் கணக்கெடுப்பில் முந்தின நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை அரை அரை மணி நேரமாகக் கேட்பார்களாம். நோட்டில் கோடு போட்டு அம்மாவிடம் அப்படியே கேட்டேன்.

நாலரைக்கு வாசல் தெளித்தது. ஐந்துக்கு அடுப்பு. ஆறுக்கு மாடு. வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை என்ன என்று கேட்டேன். "சும்மாதாய்யா உக்காந்திருந்தேன். டி.வி. ஓடுச்சு."

அப்படியே எழுதிக்கொண்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து, "கையில எதுவும் வேலை இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"புளிக்குக் கொட்டை எடுத்துக்கிட்டு இருந்தேன். அது ஒரு வேலையா?"

களத்துமேடு ஐயா, இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

களத்துமேடு எழுதியது:

இரண்டையும் போட வேண்டும் தம்பி, ஒரே நேரத்தில் இரண்டு செயல் என்று. டி.வி. பார்த்தது ஓய்வு. புளிக்கு மட்டும் அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். சொந்த மரத்துப் புளியா, வாங்கிய புளியா? சொந்த மரம் என்றால் ஐ.நா. கையேட்டுப்படி அது உற்பத்தி. வாங்கியது என்றால் அநேகமாகச் சமையலோடு சேர்ந்த வீட்டுவேலை, கோட்டுக்கு வெளியே.

வைகைக்கரை எழுதியது:

கேட்டேன். பாதி கொல்லை மரத்துப் புளியாம், பாதி சந்தையில் வாங்கியதாம். இரண்டையும் ஒரே முறத்தில் கொட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்.